பளிச்சென்று தெரிவதெல்லாம் பக்கத்தில் இருப்பதா?

கேள்வி இதுதான்: "வானத்தில் பளிச்சென்று தெரிகிற நட்சத்திரம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது, மங்கலாகத் தெரிவது தொலைவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகிவிடுமா?"

இரண்டாவது பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பாதியாகாது, கால்பங்காகிவிடும். முதல் பாதிக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். ஏனென்றால் அந்த ஊகம் பார்ப்பதற்கு அவ்வளவு நியாயமாக இருக்கிறது. பெரிய பெரிய வானியலாளர்களே அதை நம்பிக் கணக்குப் போட்டு ஏமாந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் இரவு ஒன்பது மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்குப் பார்த்து நில்லுங்கள். தலையை நன்றாக உயர்த்தினால் வெள்ளை வெளேரென்று ஒரு நட்சத்திரம் துடித்துக்கொண்டிருக்கும். அது சிரியஸ். இரவு வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் முதலிடம் அதற்குத்தான். அங்கிருந்து பார்வையை அப்படியே நேர் கீழே இறக்குங்கள். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அது வானத்தில் சுமார் பத்து டிகிரியை மறைக்கும். சென்னையில் அடிவானத்திலிருந்து அப்படி இரண்டரை முஷ்டி உயரத்தில் இன்னொரு வெளிச்சப் புள்ளி இருக்கும். தெற்கே போகப் போக அது இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். அதுதான் நம்மவர்கள் அகத்தியர் என்று சொல்லும் நட்சத்திரம். ஆங்கிலப் பெயர் கனோபஸ். பிரகாசத்தில் இரண்டாமிடம். தில்லிக்காரர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டித் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். நமக்கு வசதியாகத் தெரியும்.

இரண்டில் சிரியஸ்தான் பளிச். அளந்து பார்த்தால் அகத்தியரைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சம் சிரியஸிடமிருந்து வருகிறது. தூரத்தைக் கேட்டால் என்ன ஆகிறது? சிரியஸ் 8.6 ஒளியாண்டு. அகத்தியர் சுமார் 310 ஒளியாண்டு. ஒரு ஒளியாண்டு என்பது ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். முதலிடமும் இரண்டாமிடமும் வானத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன, ஆனால் ஒன்று இன்னொன்றைப் போல 36 மடங்கு தொலைவில் இருக்கிறது. இந்த ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டே மீதியைப் பார்க்கலாம்.

முதலில், ஏன் கால்பங்கு?

நட்சத்திரத்திலிருந்து கிளம்பும் ஒளி நாலாபக்கமும் பரவுகிறது. ஒரு நொடியில் கிளம்பிய ஒளி முழுவதும் ஒரு பெரிய பலூனின் தோல் மாதிரி விரிந்துகொண்டே போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் எதுவும் அதை விழுங்காதவரை அந்தத் தோலில் உள்ள ஒளியின் மொத்தம் மாறாது. ஆனால் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. பலூனின் ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆரம் மூன்று மடங்கானால் ஒன்பது. பத்து மடங்கானால் நூறு. உங்கள் கண்மணியின் அளவோ மாறுவதில்லை. ஆகவே அந்தத் துளி இடத்தில் விழும் ஒளியின் பங்கு நான்கில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, நூறில் ஒன்று என்று குறைகிறது. பள்ளிப் புத்தகத்தில் எதிர்த்தகவு இருமடி விதி என்று இருப்பது இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு தடித்த அட்டையின் நடுவில் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இருக்கும்படி சதுர ஓட்டை ஒன்று வெட்டுங்கள். இருட்டு அறையில் கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு அதிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி அட்டையை நிறுத்துங்கள். இனி கிராஃப் நோட்டுத் தாளை எடுத்து, முதலில் அட்டையை ஒட்டியே பிடியுங்கள். வெளிச்சம் ஒரு கட்டத்தில் விழும். தாளை டார்ச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோனால் அதே வெளிச்சம் நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு, மொத்தம் நான்கு கட்டத்தில் படரும். 30 சென்டிமீட்டரில் ஒன்பது கட்டம். ஓட்டை வழியாக வந்த ஒளி கூடவுமில்லை, குறையவுமில்லை. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குக் கால், அவ்வளவுதான். ஓரங்கள் கொஞ்சம் மசங்கலாகத்தான் விழும். டார்ச்சின் விளக்கு சரியான புள்ளி இல்லையே, அதனால்.

கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் செயலி இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். கண்ணாடி மூடியில்லாத ஒற்றை விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் 40 காட்டினால் இரண்டு மீட்டரில் 10ஐ ஒட்டி வர வேண்டும். பெரும்பாலும் 10க்கு மேல்தான் வரும். விதி தவறு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வெள்ளையடித்த சுவரும் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன, மீட்டர் அதையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. சுவர் தள்ளியிருக்கிற மாடியில், இரவில் செய்தால் கணக்கு இன்னும் ஒழுங்காக வரும்.

இதே விதி பகலிலும் நடக்கிறது. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு 14.7 கோடி கிலோமீட்டர் வரை கிட்டப் போகிறோம். ஜூலையில் 15.2 கோடிக்கு விலகுகிறோம். தூரத்தில் சுமார் மூன்று சதவீத வித்தியாசம்தான், ஆனால் இருமடி விதிப்படி பூமிக்கு வரும் வெயிலில் அது ஏழு சதவீதம் ஆகிவிடுகிறது. போர்வையைப் போர்த்திக்கொண்டு மார்கழிக் கோலம் போடும் நாட்களில்தான் சூரியன் நமக்கு மிக அருகில் இருக்கிறது! குளிருக்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது. அது தனிக் கதை.

இங்கே ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். "நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் சோடியம் விளக்குகளைப் பார்த்தால் தூரத்து விளக்கு சின்னதாகத்தான் தெரிகிறது, அவ்வளவு மங்கலாகத் தெரியவில்லையே?" சரியான கவனிப்பு. தூரம் இரண்டு மடங்கானால் விளக்கிலிருந்து வரும் மொத்த ஒளி கால்பங்காகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் அதன் பரப்பும் கால்பங்காகிறது. இரண்டும் சேர்ந்தே குறைவதால் ஒவ்வொரு துண்டுப் பரப்பின் பளபளப்பும் அப்படியே இருக்கும். நட்சத்திரத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் வெறுங்கண்ணுக்கு அது புள்ளிதான். திருவாதிரை சூரியனைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அகலம் கொண்டது. அதுவே வானத்தில் ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் வரும் விநாடி என்ற கோண அளவில் இருபதில் ஒரு பங்கு அகலம்தான் காட்டுகிறது. நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது சுமார் 60 விநாடி. ஆகவே அளவு குறைவது நமக்குத் தெரியவே தெரியாது. மொத்த ஒளி குறைவது மட்டும்தான் தெரியும். புள்ளி மங்குகிறது.

இனி, வானியலாளர்கள் பிரகாசத்தை எழுதும் முறையைக் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும். முதல்முறை பார்ப்பவர்களை அது எரிச்சலூட்டும், ஏனென்றால் எண் தலைகீழாக ஓடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர்கள் நட்சத்திரங்களை வகுப்பு பிரித்தார்கள். மிகப் பிரகாசமானவை முதல் தரம், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருப்பவை ஆறாம் தரம். பரீட்சை ரேங்க் மாதிரி, எண் சிறியதானால் நட்சத்திரம் பெரிய ஆள். 1856ல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே உள்ள ஐந்து படியும் சேர்ந்து சரியாக நூறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படியானால் ஒரு படி 2.512 மடங்கு. இன்றும் உலகம் முழுக்க இந்த அளவுகோல்தான்.

இந்தப் போக்சன் பிற்பாடு நம் ஊருக்கே வந்து சேர்ந்தார். 1861ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் தலைவராகி, 1891ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். வந்த ஆண்டிலேயே இங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவரோடு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் தென்வானத்தில் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நுங்கம்பாக்கம் பக்கம் போகிறவர்கள் இன்று அந்த வளாகத்தில் வானிலை ஆய்வு மையத்தைத்தான் பார்க்கிறார்கள். நட்சத்திரப் பிரகாசத்தை உலகமே எழுதும் முறையை வகுத்தவர் முப்பது வருடம் அங்கே நட்சத்திரம் பார்த்தார் என்பதை யாராவது ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் தேவலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். போக்சனின் அளவுகோலும் இருமடி விதியும் அழகாகப் பொருந்துகின்றன. தூரம் பத்து மடங்கானால் ஒளி நூறில் ஒன்றாகிறது. நூறு மடங்கு என்பது ஐந்து படி. ஆக, பத்து மடங்கு தூரத்துக்கு ஐந்து தரம் மங்கல். இரண்டு மடங்கு தூரத்துக்கு ஒன்றரைத் தரம் மங்கல். இந்த இரண்டை மனப்பாடம் செய்துகொண்டால் காகிதமில்லாமலே பாதிக் கணக்கைப் போட்டுவிடலாம்.

சிரியஸின் தரம் மைனஸ் 1.46. அகத்தியர் மைனஸ் 0.74. முதல் தரத்தையும் தாண்டிப் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டவை இவை. இரண்டையும் இடம் மாற்றி வைப்போம். சிரியஸை 36 மடங்கு தள்ளி அகத்தியர் இருக்கும் தூரத்துக்குக் கொண்டுபோனால் 36ஐ 36ஆல் பெருக்கக் கிட்டும் 1,300 மடங்கு மங்கிவிடும். தரத்தில் சொன்னால் சுமார் 7.8 படி. வானத்துக்கே முதலிடமான சிரியஸ் 6.3 என்று ஆகி வெறுங்கண்ணின் எல்லைக்கு வெளியே போய்விடும். நல்ல இருட்டுக் கிராமத்தில் நின்றாலும் பைனாகுலர் இல்லாமல் தேட முடியாது. அகத்தியரை இழுத்து வந்து சிரியஸின் இடத்தில் வைத்தால் மைனஸ் 8.5. விடிவெள்ளி உச்சத்தில் இருக்கும்போது தருவதைப் போல முப்பது மடங்கு வெளிச்சம். இரவில் உங்கள் நிழல் தரையில் தெளிவாக விழும். உண்மையில் அகத்தியர் சிரியஸைப் போல 600 மடங்குக்கு மேல், சூரியனைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஒளி கக்கும் நட்சத்திரம். சிரியஸ் சூரியனைப் போல 25 மடங்குதான்.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் இதிலேயே இருக்கிறது. நம் கண்ணில் விழும் பிரகாசத்துக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன: நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு ஒளி கக்குகிறது என்பது ஒன்று, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்று வேறு வழியில் தெரிந்தால்தான் மற்றது பிடிபடும். தூரத்தின் வேலை கண்டிப்பானது, இருமடி விதியிலிருந்து இம்மியும் பிசகாது. ஆனால் நட்சத்திரங்களின் சொந்த ஒளியில் இருக்கும் ஏற்றத்தாழ்வு அதைவிடப் பயங்கரமானது. மின்மினிப் பூச்சியும் கலங்கரை விளக்கமும் ஒரே கூட்டத்தில் நிற்கின்றன.

நம் பக்கத்து வீட்டுக்காரர்களையே பாருங்கள். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருப்பது பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. அதன் தரம் 11. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1915 வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அடுத்து ஆறு ஒளியாண்டில் இருக்கும் பர்னார்டின் நட்சத்திரம், தரம் 9.5, அதுவும் தெரியாது. பத்து ஒளியாண்டுக்குள் இருக்கும் நட்சத்திரங்களில் வெறுங்கண்ணுக்குத் தெரிபவை பிராக்சிமாவை ஒட்டியே இருக்கும் ஆல்ஃபா சென்டாரியும் சிரியஸும்தான். மற்றவை எல்லாம் சிவப்புக் குள்ளன்கள் எனப்படும் சிறிய, மங்கலான நட்சத்திரங்கள் போன்ற சோப்ளாங்கிகள். நட்சத்திரங்களில் நான்கில் மூன்று இந்தச் சிவப்புக் குள்ளன் சாதிதான் என்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நாம் அண்ணாந்து பார்த்து ரசிக்கும் வானம், பக்கத்துத் தெருவில் நடப்பவர்களை விட்டுவிட்டுத் தூர ஊரின் யானைகளை மட்டும் காட்டும் வானம். அந்த யானைகளில் ஒன்று ரைஜெல். 860 ஒளியாண்டு தொலைவிலிருந்துகொண்டு முதல் பத்து இடத்துக்குள் வந்துவிடுகிறது.

நம் சூரியனுக்கு இந்தக் கூட்டத்தில் என்ன மரியாதை? ஆல்ஃபா சென்டாரியின் தூரத்துக்குக் கொண்டுபோனால் இப்போது தருவதில் 7,600 கோடியில் ஒரு பங்கு ஒளிதான் தரும். அப்போதும் தரம் அரைக்குப் பக்கத்தில் நிற்கும், முதல் வரிசை நட்சத்திரமாகவே தெரியும். பகலைத் தரும் சூரியனுக்கும் இரவில் புள்ளியாகத் தெரியும் அதே சூரியனுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கத் தூரம் செய்த வேலை என்பது இதில் விளங்கும். ஆனால் 55 ஒளியாண்டைத் தாண்டினால் சூரியன் வெறுங்கண்ணுக்கு மறைந்துவிடும். ரோகிணி நட்சத்திரம் 65 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ரோகிணியின் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் நம் சூரியன் தெரியாது. நமக்கு மட்டும் ரோகிணி சிவந்த வெளிச்சத்தோடு நன்றாகத் தெரிகிறது.

இப்போது ஏமாந்த பெரியவர்கள் கதை. ஹாலந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 17ஆம் நூற்றாண்டில் ஒரு வேலை செய்தார். ஒரு குழாயின் முனையில் மிக நுண்ணிய துளை வைத்துச் சூரியனைப் பார்த்தார். துளையையும் அதில் பொருத்திய குட்டிக் கண்ணாடி மணியையும் சரிசெய்து, இரவில் சிரியஸ் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு வெளிச்சம் மட்டும் சூரியனிலிருந்து வரும்படி குறைத்தார். சூரியனின் அகலத்தில் 27,664இல் ஒரு பங்கு மட்டும் தெரிந்தால் அது சிரியஸுக்கு ஈடாகிறது என்று கண்டார். அப்படியானால் சிரியஸ் சூரியனைப் போல 27,664 மடங்கு தொலைவில் இருக்கிறது! யோசனை எவ்வளவு நேர்த்தி பாருங்கள். தொலைநோக்கிக்கே வயது நூறு ஆகாத காலத்தில், ஒரு துளையை வைத்துக்கொண்டு நட்சத்திரத்தின் தூரத்தைக் கேட்டிருக்கிறார்.

ஆனால் உண்மைத் தூரம் சுமார் 5 லட்சத்து 44 ஆயிரம் மடங்கு. இருபது மடங்கு பிசகு. காரணம் இரண்டு. பகலில் பார்த்த வெளிச்சத்தை இரவில் பார்த்த வெளிச்சத்தோடு மனதில் வைத்து ஒப்பிட வேண்டியிருந்தது. கண்ணின் ஞாபகம் அதற்கு லாயக்கில்லை. மற்றது, சிரியஸும் சூரியனும் ஒரே அளவு ஒளி கக்குகின்றன என்று எடுத்துக்கொண்டார். சிரியஸ் 25 மடங்கு என்பதால் இந்த ஒன்றினால் மட்டும் தூரம் ஐந்து மடங்கு குறைந்துவிட்டது. இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து. நூறு ஆண்டு கழித்து வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியலாளர் எல்லா நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே ஒளி கொண்டவை என்ற நினைப்பில் பால்வீதிக்கு வரைபடம் போட்டார். அவருக்கும் அதுவே காலை வாரியது. பிற்காலத்தில் அவரே அதை ஒப்புக்கொண்டார்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர, பிரகாசத்தைத் தொடாமலே தூரத்தை அளக்க வேண்டும். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் மற்ற கண்ணை மூடிப் பாருங்கள். விரல் பின்னாலிருக்கும் சுவரில் இடம்விட்டு இடம் தாவும். பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. அதையே இரண்டு கண்ணாக வைத்துக்கொண்டால் கிட்டத்து நட்சத்திரங்கள் தூரத்து நட்சத்திரங்களின் பின்னணியில் இம்மியளவு தாவும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். இம்மி என்றால் நிஜமாகவே இம்மி. 1838ல் ஜெர்மன் வானியலாளர் பெசல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு முதன்முதலாக நம்பகமாக அளந்து வெளியிட்ட கோணம், பத்து ரூபாய் நாணயத்தைப் பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் தெரியும் அகலம். பிற்பாடு இந்த வேலையை விண்வெளியிலிருந்தே செய்தார்கள். 1989ல் போன ஹிப்பார்கோஸ் என்ற விண்கலம் ஒரு லட்சத்துச் சொச்சம் நட்சத்திரங்களை அளந்தது. 2013ல் போன கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்டவற்றை அளந்திருக்கிறது. தூரம் கைக்கு வந்ததும் இருமடி விதியைத் திருப்பிப் போட்டு உண்மை ஒளியைக் கறந்துவிடலாம். அகத்தியரின் 310 அப்படி வந்ததுதான்.

இன்னொரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்தது. தூரத்தைக் கணக்கிலிருந்தே வெட்டிவிடுவது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். அறுமீன் என்று நம் முன்னோர் எண்ணிய அந்தக் கொத்து மொத்தமும் சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் ஒன்றாகப் பிறந்த குடும்பம். கொத்தின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள தூரம் 440க்கு முன்னால் பொருட்டே இல்லை. ஆகவே அங்கே ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் உண்மையிலேயே அது பெரியது, இது சிறியது. தூரத்தின் மீது பழிபோட முடியாது. ஆனால் பக்கத்தில் தெரிவதெல்லாம் ஒரே கொத்து என்று நம்பிவிடவும் கூடாது. கார்த்திகைக்கு அருகே வி எழுத்து வடிவில் இன்னொரு கொத்து இருக்கிறது. அதில் ஒரு முனையில் ரோகிணி ராணி மாதிரி உட்கார்ந்திருக்கும். கொத்து 150 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, ரோகிணி 65இல். அவள் அந்த வீட்டுப் பெண்ணே இல்லை, போட்டோ எடுக்கும்போது குறுக்கே வந்து நின்றவள். சப்தரிஷி மண்டலத்திலும் இந்தக் கதை உண்டு. நடுவில் இருக்கும் ஐந்து ரிஷிகள் சுமார் 80 ஒளியாண்டில் ஒன்றாகப் பயணம் போகிறார்கள். இரு முனைகளிலும் இருக்கும் இரண்டு பேர் நூறைத் தாண்டி நிற்கிறார்கள். ஒருவரைத் தவிர மற்ற ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரிவதால் ஒரே கூட்டம் என்று தோன்றுகிறது.

ஒரே தூரத்தில் இருப்பவற்றை ஒப்பிடுவது என்ற இந்த யோசனைதான் ஹார்வர்டில் பணியாற்றிய வானியலாளர் ஹென்ரியெட்டா லீவிட்டுக்குப் பிரபஞ்சத்தின் அளவுகோலைக் கொடுத்தது. சிறிய மெகல்லன் மேகம் என்ற தொலைதூரத் திரளில் ஒளி சீராகக் கூடிக் குறையும் 25 நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு 1912ல் அவர் காட்டியது இது: எது மெதுவாகத் துடிக்கிறதோ அது அதிகப் பிரகாசம். எல்லாம் ஒரே மேகத்தில் இருப்பதால் இந்த உறவு நட்சத்திரங்களின் சொந்தக் குணம். செஃபீட் எனப்படும் இந்த வகை நட்சத்திரம் எங்கே கிடைத்தாலும், அது துடிக்க எத்தனை நாள் எடுக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் உண்மை ஒளி தெரிந்துவிடும். தெரிகிற ஒளி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மீதி இருப்பது தூரம் மட்டும். 1923ல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடா என்ற நட்சத்திரத் திரளில் அப்படி ஒன்றைப் பிடித்தார். அந்தத் திரள் நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி உலகம் என்பது தீர்ந்தது. ஆனால் அவர் சொன்ன தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, இன்று அளப்பது 25 லட்சம். செஃபீட்களில் இரண்டு சாதி உண்டு என்பது அப்போது தெரியாது; உண்மை ஒளியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். ஹைகன்ஸ் தடுக்கிய அதே கல்.

இன்னும் தொலைவுக்குப் போனால் செஃபீடும் மங்கிவிடும். அங்கே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்கள் வெடிக்கும் ஒருவகை சூப்பர்நோவாவை, அதாவது நட்சத்திரப் பெருவெடிப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது கணக்கிட்ட எடை வரம்பு, சூரியனைப் போல 1.4 மடங்கு, இந்தக் குள்ளன்களுக்கு உரியது. அந்த வரம்பை ஒட்டி வெடிப்பதால் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் கொடுக்கும். 1998ல் இரண்டு குழுக்கள் தொலைதூர சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் கால் பங்கு மங்கலாக இருப்பதைக் கண்டன. மங்கல் என்றால் கூடுதல் தூரம். பிரபஞ்சம் விரிவது வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது என்ற முடிவு அங்கிருந்து வந்தது. 2011ல் நோபல் பரிசும் வந்தது.

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறை. "வழியில் எதுவும் விழுங்காதவரை" என்று மேலே ஒரு வார்த்தை போட்டேன். விண்வெளியில் தூசு இருக்கிறது. 1930ல் டிரம்ப்ளர் என்ற வானியலாளர் நட்சத்திரக் கொத்துகளை ஆராய்ந்து இதை நிரூபித்தார்: தூரத்துக் கொத்துகள் இருமடி விதி சொல்வதைவிட அதிகமாக மங்கியிருந்தன. பால்வீதியின் மையம் 26,000 ஒளியாண்டு. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தூசைத் தாண்டி நம்மை வந்தடைவது லட்சம் கோடியில் ஒரு பங்குதான். நல்லவேளையாக அகச்சிவப்பு ஒளி ஓரளவு ஊடுருவி வருகிறது. தூசு நீல ஒளியை அதிகம் விழுங்கும், சிவப்பை விட்டுவைக்கும். ஒரு நட்சத்திரம் தன் இயல்புக்கு மீறிச் சிவந்திருந்தால் நடுவில் தூசு இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். தூரம் நட்சத்திரத்தின் நிறத்தை மாற்றாது, மங்க மட்டுமே வைக்கும்.

2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கத் தொடங்கியது ஞாபகம் இருக்கலாம். 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெடிக்கப் போகிறது என்று எல்லோரும் பரபரத்தார்கள். நட்சத்திரம் தானே கக்கிய தூசு அதன் முகத்தை மறைத்தது என்று பின்னால் தெரிந்தது. அது நம்மைவிட்டு விலகியதால் வந்த மங்கல் இல்லை.

நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றும் சும்மா இருப்பதில்லை. அகத்தியர் தாழ்வாக நிற்பதால் அதன் ஒளி சிரியஸின் ஒளியைப் போல இரண்டு மடங்கு தடிமனான காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. எனவே மாடியில் நின்று பார்க்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நான் மேலே சொன்ன இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கன்னியாகுமரியில் இந்தக் குறை சற்றுக் குறைவு.

கடைசியாக, நட்சத்திரங்கள் நகர்கின்றனவே, பிரகாசம் மாறாதா என்று கேட்பீர்கள். மாறும். சிரியஸ் நொடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கிக்கொண்டிருக்கிறது. எண்பது வருடம் வாழ்ந்து பார்த்தாலும் அதனால் கூடும் வெளிச்சம் பத்தாயிரத்தில் மூன்று பங்குதான். எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. சுமார் 60,000 ஆண்டுகள் கழித்து மிக அருகில் வரும்போது இப்போதைவிட 0.2 தரம் கூடியிருக்கும். பிறகு விலகத் தொடங்கும். பின்னோக்கிப் போனால், ஏறக்குறைய 90,000 ஆண்டுகளுக்கு முன்வரை சிரியஸ் இன்னும் தொலைவில் இருந்தது. அப்போது இரவு வானத்தின் முதலிடம் அகத்தியருக்குத்தான்.